குடல் தையல் கசிவு: எலியை நம்பலாமா, பன்றியை நம்பலாமா?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டக்காரர்களுக்கு எலியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பழக்குலையைக் கடித்துக் குதறும். அதைப் பிடிக்கவே கம்பத்தில் பெட்டி கட்டி ஆந்தை வளர்க்கிறோம். ஆய்வுக்கூடத்து வெள்ளை எலி வேறு இனம்தான், ஆனால் அதுவும் லேசில் சாகாது. குடல் அறுவைக்குப் பிறகு வரும் சிக்கல்களை ஆராய்பவர்களுக்கு அதுவே தலைவலி.

பெருங்குடலை வெட்டித் தைத்தவருக்குப் பெரிய பயம் கசிவு. தைத்த இடம் விட்டுப்போனால் மலம் வயிற்றறைக்குள் இறங்கிவிடும். இது பெரும்பாலும் சில நாள் கழித்துத்தான் தெரியவரும். "அம்மாவை எப்போது வீட்டுக்கு அனுப்புவீங்க?" என்று நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்டால் பதில் இழுபடுவது அதனால்தான்.

எலியின் குடலை ஒழுங்காகத் தைத்தால் அது கசிவது அபூர்வம். வயிற்றறைத் தொற்றையும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். அதனால் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே தையலைக் குறைத்து, இடைவெளி விட்டு, கசிய வைக்கிறார்கள். நோயாளிக்கோ நன்றாகத் தைத்தும் கசிகிறது. ஆகவே ஏதோ ஒரு பசை எலியின் கசிவைத் தடுத்தது என்றால் நான் பாதிதான் நம்புவேன். காரணத்தைத் தேடுவதற்கு எலி நல்ல துணை என்பது வேறு விஷயம். என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்னும் குடல் பாக்டீரியா, தையலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தைச் சிதைத்துக் கசிவுக்கு வழிசெய்கிறது என்று 2015-இல் காட்டப்பட்டது எலிகளில்தான்.

பன்றியின் குடல் அளவில் நம்முடையதற்கு நெருக்கம். குடலை இணைக்கும் ஆஸ்பத்திரி ஸ்டேப்ளரை அப்படியே போட்டுப் பார்க்கலாம். புதுக் கருவிக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஆனால் பெருங்குடல் சுருள்சுருளாக இருக்கும், புண்ணும் சுலபமாக ஆறிவிடும். எனவே இதிலும் கசிவைச் செயற்கையாகத்தான் உண்டாக்க வேண்டும். செலவு வேறு. மயக்க மருந்து, கொட்டகை, ஆள். 1998, 1999-இல் நிப்பா கிருமியால் சுமார் பத்து லட்சம் பன்றிகளை அழித்த நாடு இது. பன்றிக் கொட்டகை என்றால் ஊரே இரண்டு தடவை யோசிக்கும்.

அறுவைக்குப் பின் குடல் அசையாமல் நின்றுபோவதற்குச் சுண்டெலி போதும். சிறுகுடலைக் கையால் புரட்டினாலே தசையடுக்கில் அழற்சி வருகிறது. மரபணு மாற்றிய சுண்டெலிகளில் எந்த செல் அதைத் தூண்டுகிறது என்று பிரித்துப் பார்க்கலாம். அறுவைக்குப் பின் குடல் பக்கத்து உறுப்போடு ஒட்டிக்கொள்வதை ஆராய எலி சரி. அதன் குடல்வாயை, அதாவது பெருங்குடல் தொடங்கும் பையை, சுரண்டிவிட்டாலே ஒட்டிக்கொள்ளும். முயலும் உண்டு.

அப்புறம் ஒரு விஷயம். பல ஆய்வுகளில் சைக்கிள் டியூப்புக்குக் காற்றடிப்பதுபோல் குடலை ஊதி, எந்த அழுத்தத்தில் வெடிக்கிறது என்று அளப்பார்கள். ஒரு வாரம் ஆனபின் பார்த்தால், அது தையலை விட்டு வேறு இடத்தில் வெடிப்பது சகஜம். கசிந்ததா இல்லையா என்று சொல்லாமல் அந்த அழுத்தத்தை மட்டும் காட்டும் ஆய்வை, எலியோ பன்றியோ, நான் ஓரமாக வைத்துவிடுவேன்.