அஸ்தம்பட்டி மிலிட்டரி அண்ணன் வண்டிக்கடை: செட்டுக்கு நாலு ஸ்டார், பேச்சுக்கு அஞ்சு

சேலத்தில் தட்டுவடை செட் கடைக்கு விமர்சனம் எழுதுவதே அதிகப்பிரசங்கித்தனம்தான். தெருவுக்கு இரண்டு வண்டி நிற்கிறது, அவரவருக்கு அவரவர் கடைதான் உசத்தி. இந்த வண்டியைப் பற்றி எழுதக் காரணம், செட்டோடு இலவசமாகக் கிடைக்கும், ராணுவ டாங்கிகளைப் பற்றிய வாய்ச்சண்டை.

ஏற்காடு ரோட்டில், அஸ்தம்பட்டி ரவுண்டானா தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நிற்கிறது வண்டி. போர்டு கிடையாது. நடத்துகிறவர் ராணுவத்தில் டி-72 டாங்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் அவர் மிலிட்டரி அண்ணன்தான்.

முதலில் சாப்பாடு. ஐந்து செட் முப்பது ரூபாய். கீழே ஒரு தட்டுவடை, அதன்மேல் பூண்டு மிளகாய்ச் சட்னி, துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், புதினா மல்லிச் சட்னி, மேலே மூடி மாதிரி இன்னொரு தட்டுவடை. இதை எல்லாரும் செய்கிறார்கள். இவர் துருவின பீட்ரூட்டை வெள்ளைத் துணியில் கட்டி, சாறு போகப் பிழிந்துவிட்டுத்தான் வைக்கிறார். அதனால் ஐந்தாவது செட் வாய்க்குப் போகிறபோதும் வடை மொறுமொறு என்றே இருக்கிறது. வேறு கடைகளில் மூன்றாவதிலேயே நமுத்துவிடும். நொறுக்கல் கேட்டால் வடையை உள்ளங்கையில் வைத்து ஒரே அழுத்து. மாங்காய் செட் சீசனில் மட்டும்.

குறையும் உண்டு. பேச்சு சூடுபிடித்தால் அவர் கை நின்றுவிடுகிறது. கரண்டியில் சட்னியை எடுத்து வைத்துக்கொண்டு லடாக்கில் இருப்பார். நாம் ஏற்காடு ரோட்டில் பசியோடு நிற்போம்.

அன்றைக்குச் சண்டையை ஆரம்பித்தது ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பையன். 2021 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் நம் நாட்டிலேயே வடிவமைத்த அர்ஜுன் டாங்கியின் புது மாடலான எம்கே-1ஏ-யில் 118 வண்டிகளுக்கு 7,523 கோடி ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்தது, ஆவடி தொழிற்சாலையில் செய்ய. பையன் போனில் வகுத்துப் பார்த்து, "அண்ணா, ஒரு வண்டி கிட்டத்தட்ட 64 கோடிண்ணா! உக்ரைன்ல சில பத்தாயிரம் ரூபாய் டிரோன் வந்து டாங்கி தலைமேல விழுதே, பார்த்தீங்களா?" என்றான். ஸ்டாண்டு ஆட்டோக்காரர் உடனே, "64 கோடிக்கு எங்க ஏரியாவுக்கே சாக்கடை கட்டிரலாம்" என்று சேர்ந்துகொண்டார்.

மிலிட்டரி அண்ணனுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் அவரிடம் அழகு. "தம்பி, நான் ஓட்டினது 70-கள் கடைசியில நாட்டுக்கு வந்த மாடல். மே மாசம் ராஜஸ்தான்ல இரும்புல கை வெச்சா தோலு உரிஞ்சிரும். அதையே இன்னும் எத்தனை வருசத்துக்கு ஓட்டச் சொல்றீங்க?" என்றார். பழைய டி-72-களுக்குப் பதிலாக 1,700-க்கும் மேல் புது டாங்கிகள் வாங்க ராணுவம் திட்டம் போட்டிருப்பதையும் சொன்னார். ஆனால் அர்ஜுன் பக்கம் அவர் முழுசாகச் சாயவில்லை. 68 டன் எடை, எல்லாப் பாலமும் தாங்காது, மலைக்கு அது சரிப்படாது என்றார். அது நியாயம்தான். 2020-ல் லடாக்கில் சீனாவோடு மோதல் வந்த பிறகுதானே 25 டன்னில் ஜோராவர் என்ற இலகு டாங்கியை அரசின் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவும் எல் அண்ட் டி கம்பெனியும் சேர்ந்து செய்து, 2024-ல் வெளியே காட்டினார்கள்.

ஆட்டோக்காரர் விடவில்லை. "அண்ணா, 2025-26 பட்ஜெட்டுல பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி. அதுல பென்ஷன் மட்டுமே 1.61 லட்சம் கோடி. புது கப்பல், விமானம், டாங்கின்னு எல்லாம் வாங்குறதுக்கு 1.80. மொதல்ல உங்க பென்ஷனைப் பத்திப் பேசுவோமா?" வண்டியைச் சுற்றி ஒரே சிரிப்பு. அண்ணனும் சிரித்துவிட்டு அவருக்கு ஒரு செட் கூடவே வைத்தார். பேப்பரில் ஒரு மூலையில் கிடக்கிற கணக்கு இந்த வண்டியில் இப்படித்தான் நடுவுக்கு வரும்.

நான் லேத் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறவள். இந்தச் சண்டையில் என் பங்கு ஒன்றே ஒன்றுதான், அதை எங்கேயும் சொல்லுவேன். ஒரு டாங்கியின் விலையை மட்டும் பார்த்துக் கத்துவதில் பிரயோஜனம் இல்லை, எத்தனை வருட இடைவெளியில் ஆர்டர் வருகிறது என்று பாருங்கள். அர்ஜுனை உருவாக்க அனுமதி 1974-ல். முதல் 124 வண்டிக்கு ஆர்டர் 2000-ல். அடுத்த 118-க்கு 2021-ல். எங்கள் பட்டறையில் பத்து பீஸ் கேட்டாலும் சரி, ஆயிரம் பீஸ் கேட்டாலும் சரி, மெஷினை செட் பண்ணுகிற செலவு ஒன்றுதான். அதைப் பத்தால் வகுத்தால் பீஸ் விலை எகிறாமல் என்ன செய்யும்? நடுவில் வருடக்கணக்கில் மெஷினைத் துணி போட்டு மூடி வைக்கிற முதலாளி யார்? அதுவரை மெஷின் ஓட்டுகிற ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது யார்? அர்ஜுன் இன்ஜினே இன்னும் ஜெர்மனியிலிருந்துதான் வருகிறது. 118 வண்டி ஆர்டரால் 200-க்கும் மேற்பட்ட சப்ளையர்களுக்கு வேலை என்று அரசாங்கம் சொன்னது, சந்தோஷம். ராணுவத் தளவாடத் தொழில்களை வளர்க்கத் தமிழ்நாட்டில் அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு மையம் என்று 2019-லிருந்து சொல்கிறார்கள், அதுவும் சந்தோஷம். வாங்குவதென்றால் வருடாவருடம் கொஞ்சமாவது வாங்குங்கள். வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஆட்டோக்காரர் கேட்ட சாக்கடையையாவது கட்டலாம். இரண்டும் இல்லாமல் இழுப்பதுதான் உள்ளதிலேயே அதிகச் செலவு.

அண்ணன் இதையும் லேசில் விடவில்லை. "ஏம்மா, ஓட்டிப் பார்க்காத வண்டியை வருசாவருசம் எப்படிம்மா வாங்குறது? உள்ள உக்காரப் போறது எங்க பசங்க" என்றார். பையன் என் பக்கம், ஆட்டோக்காரர் அவர் பக்கம். சண்டை அப்படியே நிற்கிறது, அடுத்த வாரம் தொடரும்.

போகிறவர்களுக்கு: டூ வீலரில் போங்கள், கார் நிறுத்த இடமில்லை. ஜிபே உண்டு. உட்கார இரண்டே ஸ்டூல், அதிலும் ஒன்று ஆட்டோக்காரருக்கு. முட்டை நொறுக்கல் எட்டு மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. பார்சல் கேட்டால் வடை தனி, காய் தனி, சட்னி தனியாகக் கட்டித் தருவார், வீட்டுக்குப் போய் அடுக்கிக்கொள்ளலாம். பூண்டுச் சட்னியைக் கொஞ்சம் அதிகமாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் மட்டும் அவர் கை கொஞ்சம் கஞ்சம்.