"ரெண்டும் ஒரே சாமான்தான்" என்று சொல்லி ஒப்சன் படிப்பிக்கிறவர்களிடம் கவனம்

மட்டக்களப்பு நகரத்திலும் கல்லடிப் பக்கமும் அமெரிக்க ஒப்சன் வியாபாரம் படிப்பிக்கிறோம் என்று வகுப்பு வைக்கிறார்கள். (ஒப்சன் என்றால், ஒன்றைக் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தருகிற ஒப்பந்தம்.) அதில் ஒன்றுக்கு 2024இல் நானும் போனேன். ஆளின் பெயரை இங்கே போடவில்லை. என்ன நடந்தது, எதைச் சொல்லித்தராமல் விட்டார்கள் என்பதை மட்டும் முழுதாக எழுதுகிறேன். இப்போது இப்படி ஒரு வகுப்பில் இருக்கிறவர்கள் தயவுசெய்து பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

எட்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, அறுபதாயிரம் ரூபா. பற்றுச்சீட்டு தரவில்லை, நானும் கேட்கவில்லை. சேர் நல்ல பண்பாகப் பேசுவார். ஒவ்வொரு கிழமையும் தன் கணக்கின் படத்தை வட்ஸ்அப் குழுவில் போடுவார், எல்லாமே லாபம். "எனக்கு ஒரு நாளும் அசைன் வந்ததில்லை" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வசனம். (அசைன் என்றால், நாம் விற்ற ஒப்சனை வாங்கியவர் தன் உரிமையைப் பயன்படுத்த, அதை நாம் நிறைவேற்ற வேண்டி வருவது.) அந்த வசனத்தை ஞாபகம் வைத்திருங்கள்.

அவர் படிப்பித்தது இப்படி. எஸ் அண்ட் பி 500 என்பது அமெரிக்கப் பெரிய கம்பனிகளின் பங்கு விலைகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஒரு சுட்டெண். அதன் மேல் எழுதப்படும் ஒப்சன் எஸ்பிஎக்ஸ். அதே சுட்டெண்ணைப் பின்தொடர்கிற ஈடிஎஃப் ஒன்று இருக்கிறது, அதன் பெயர் ஸ்பை. (நம் சம்பளத்தோடு வருகிற ஊழியர் நம்பிக்கை நிதியத்தையும் ஈடிஎஃப் என்றுதான் சொல்கிறோம். அது வேறு. இது பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கிற நிதி.) ஸ்பையின் விலை சுட்டெண்ணில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று. "ரெண்டும் ஒரே சாமான் தம்பி. ஒன்று மொத்த வியாபாரம், மற்றது சில்லறை. உங்கட காசுக்கு ஸ்பை காணும்."

இதில் பாதி உண்மை. அதனால்தான் நம்பினேன். ஸ்பையில் சிறிய தொகையோடு இறங்கலாம், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி மிகக் குறைவு. இரண்டு மூன்று நாளுக்குள் எடுத்து விற்கிறவனுக்கு அது பெரிய விசயம்தான். மற்றப் பாதியை அவர் சொல்லவில்லை.

ஜூன் முதல் கிழமை முடிகிற நேரம், ஸ்பை 534 டொலரில் நின்றது. குழுவில் ஒரு சிக்னல் வந்தது: 540 டொலர் கோலை விற்று, 545 டொலர் கோலை வாங்கு, முடிவு ஜூன் 21. (கோல் என்றால், குறித்த விலைக்கு வாங்கும் உரிமை தருகிற ஒப்சன்.) மூன்று செட் போட்டேன். கையில் வந்தது 390 டொலர். ஆகக்கூடிய நட்டம் 1,110 டொலர் என்று பலகையில் எழுதிக் காட்டினார். என் கணக்கில் இருந்தது மொத்தமாக மூவாயிரம் டொலர், அந்த நேரத்து விலைக்கு ஒன்பது இலட்சம் ரூபாவுக்குக் கிட்ட. கட்டாரில் இருக்கும் மச்சானுடைய காசும் அதில் கொஞ்சம் இருந்தது.

சந்தை ஏறியது. ஜூன் 20 வியாழன் இரவு ஸ்பை 547இல் மூடியது. மூடும்போது நமக்கு வெள்ளி அதிகாலை ஒன்றரை மணி. அதற்கு முன்னமே இரவு பதினொரு மணிக்கு, "மூடவா சேர்?" என்று குழுவில் கேட்டேன். "பயப்படாதீங்க, நாளைக்கு ஒரு நாள் இருக்கு, இறங்கும்" என்று பதில் வந்தது. படுத்துவிட்டேன்.

காலையில் எழும்பிப் பார்த்தால், நான் விற்ற மூன்று கோலும் இல்லை. அதற்குப் பதிலாக 300 ஸ்பை பங்கை 540 டொலருக்கு விற்றுவிட்டதாகக் கணக்குக் காட்டுகிறது. மூவாயிரம் டொலர் வைத்திருக்கிறவன் தலையில் 162,000 டொலர் கடன் பங்கு. அன்று இரவு ஏழு மணிக்குச் சந்தை திறந்ததும் புரோக்கரே 544 டொலர் சொச்சத்துக்குப் பங்குகளை வாங்கி மூடிவிட்டார்கள். அதில் 1,300 டொலருக்கு மேல் போனது. மறுகா கணக்கில் இன்னொரு வரி: டிவிடெண்ட் (பங்கு வைத்திருப்பவருக்குக் கிடைக்கிற பங்கிலாபம்), 528 டொலர், நான் கட்ட வேண்டியது. நான் டிவிடெண்ட் கட்டுவதா என்று திகைத்துப்போய் இருந்தேன். மிச்சமிருந்த 545 கோலை விற்கவா என்று கேட்க, "வைத்திருங்க, ஏறும்" என்றார். அன்று ஸ்பை 545க்குக் கீழே மூடியது. அந்தக் கோலும் பூச்சியம். முதலில் வந்த 390ஐக் கழித்துப் பார்த்தாலும் நட்டம் 1,450 டொலருக்கு மேல். "இதுக்கு மேல போகாது" என்று பலகையில் எழுதிய தொகை 1,110.

ஏன் இப்படி ஆனது என்பதைப் பிறகு நானே இருந்து படித்தேன். ஸ்பை ஒப்சன் அமெரிக்க முறை. வாங்கியவர் முடிவு நாளுக்கு முன் எந்த நாளிலும் தன் உரிமையைப் பயன்படுத்தலாம். பயன்படுத்தினால் காசு அல்ல, ஒப்சன் ஒன்றுக்கு 100 பங்கு கை மாறும். ஸ்பை வருடத்தில் நான்கு முறை டிவிடெண்ட் தருகிறது. மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசம்பர் மாதங்களின் மூன்றாம் வெள்ளிதான் வழக்கமாக அதற்கான நாள். அந்த வெள்ளிக்கு முதல் நாளே பங்கு கையில் இருந்தால்தான் டிவிடெண்ட் கிடைக்கும். ஆகவே ஆழமாக லாபத்தில் இருக்கும் கோலை வைத்திருப்பவர் வியாழன் இரவே அதைப் பங்காக மாற்றிக்கொள்வார். அதை விற்றவன் பங்கு கொடுக்கவும் வேண்டும், டிவிடெண்ட் கட்டவும் வேண்டும். அந்த ஜூனில் அது பங்குக்கு 1.76 டொலர். இது எதிர்பாராத விபத்தே அல்ல. முன்கூட்டியே பார்க்க வழி இருக்கிறது: நீங்கள் விற்ற கோலின் அதே ஸ்ட்ரைக் விலையில் (ஒப்சனில் குறித்த விலை) உள்ள புட், அதாவது விற்கும் உரிமை தருகிற ஒப்சன், வரப்போகும் டிவிடெண்டைவிட மலிவாக இருந்தால், உங்கள் கோல் அன்றிரவு போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் பதினொரு மணிக்குக் கேட்டபோது மூடச் சொல்லியிருந்தால், சொன்ன 1,110க்குள்ளேயே முடிந்திருக்கும்.

எஸ்பிஎக்ஸ் ஐரோப்பிய முறை. முடிவு நாளுக்கு முன் யாரும் அதைப் பயன்படுத்த முடியாது. முடிவில் பங்கும் கை மாறாது, வித்தியாசம் காசாகத் தீரும். டிவிடெண்ட் கட்டுகிற பேச்சே இல்லை. சேர் குழுவில் போட்ட லாபப் படங்களைத் திரும்ப ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அத்தனையும் எஸ்பிஎக்ஸ். அவருக்கு ஒரு நாளும் அசைன் வராததற்குக் காரணம் அவருடைய கெட்டித்தனம் இல்லை, அதில் முன்கூட்டி அசைன் வரவே முடியாது. தான் அதில் செய்துகொண்டு, சின்னக் காசுக்காரரான எங்களை மற்றதில் இறக்கினார். எனக்கு இன்றும் ஆறாத விசயம் இதுதான்.

எஸ்பிஎக்ஸில் இறங்கினால் தப்பலாம் என்றும் நினைக்க வேண்டாம். களுவாஞ்சிக்குடியில் இருந்து வந்து என்னோடு படித்த தம்பி ஒருவர் கொஞ்சம் வசதி உள்ளவர், அவர் எஸ்பிஎக்ஸ் கோல் வாங்கினார். மூன்றாம் வெள்ளியில் முடிகிற வழமையான மாத ஒப்சன். வெள்ளி இரவு விற்கலாம் என்று காத்திருந்தார். அந்த வகை ஒப்சனின் வியாபாரம் வியாழனோடு நின்றுவிடும். வெள்ளி காலையில் பங்குகள் ஒவ்வொன்றும் திறக்கிற விலையை வைத்துத்தான் கணக்குத் தீர்க்கிறார்கள். வியாழன் இரவு விற்றிருந்தால் பாதிக் காசாவது வந்திருக்கும். திறந்த விலைக் கணக்கில் ஒரு சதமும் இல்லை. மாலை விலையில் தீர்கிற எஸ்பிஎக்ஸ் ஒப்சன்களும் இருக்கின்றன, இரண்டும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எது எது என்று அவருக்கு யாரும் காட்டவில்லை.

வகுப்பில் ஒரு ஞாயிறு முழுக்க, எஸ்பிஎக்ஸ் லாபத்தில் 60 வீதத்துக்கு நீண்டகால வரிச் சலுகை என்று விளக்கினார். அது அமெரிக்காவில் வரி கட்டுகிறவர்களுக்கான சட்டம். ஆரையம்பதியிலும் ஊறணியிலும் இருந்து வந்த எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது? அமெரிக்க வீடியோ எதையோ பார்த்து அப்படியே ஒப்புவித்திருக்கிறார். அந்த மூன்று மணித்தியாலத்தில் டிவிடெண்ட் நாளைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்லியிருக்கலாம். சுட்டெண்ணில் பத்தில் ஒரு பங்கு அளவில், ஐரோப்பிய முறையிலேயே காசாகத் தீர்கிற எக்ஸ்எஸ்பி என்று ஒன்று இருப்பதையாவது சொல்லியிருக்கலாம். அதில் விலை இடைவெளி ஸ்பையைவிட அகலம்தான். ஆனால் கோல் விற்கிற சின்னக் கணக்குக்காரன் நிம்மதியாகத் தூங்கலாம்.

கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று நேரில் போய்க் கேட்டேன். "புரோக்கர்ட பிழைக்கு நான் என்ன செய்ய?" என்றார். அன்று பின்னேரமே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். களுவாஞ்சிக்குடித் தம்பியையும் நீக்கியாயிற்று. பொலிசுக்குக் கொண்டுபோகக் கையில் ஒரு துண்டுகூட இல்லை. மச்சானுக்கு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வருகிறேன்.

அதே மாடியில் புதிய வகுப்பு தொடங்குவதாக இந்தக் கிழமை நோட்டீஸ் பார்த்தேன். அதில் சேர்ந்தவர்கள், ஏற்கெனவே குழுவில் இருப்பவர்கள் யாராவது ஸ்பை கோல் விற்று வைத்திருந்தால், முடிவுத் திகதியைப் பாருங்கள். அது டிவிடெண்ட் வெள்ளியிலோ அதற்குப் பிறகோ என்றால், முதல் நாள் வியாழன் இரவு தூங்கப் போகுமுன் அதே விலைப் புட் எவ்வளவு என்று பாருங்கள். விளங்காவிட்டால் கீழே கேளுங்கள், எந்த நேரம் என்றாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.