கடற்கரை வீட்டுக் கேமராவுக்குக் கம்ப்யூட்டரா, என்விஆரா? ஐந்து வருட அனுபவம்

எங்கள் வீடு ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில், தென்கடலிலிருந்து ஐந்து நிமிட நடை. வீட்டுக்குப் பின்னால் கருவாடு காயப்போடும் முற்றம், ஒரு போர்வெல், நான்கைந்து தென்னை. நான் மதுரையில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை வருவேன், ஞாயிறு ராத்திரி கிளம்பிவிடுவேன். மற்ற நாட்களில் அம்மா மட்டும்தான். கேமராப் படத்தைப் பதிய எந்தப் பெட்டி வாங்கலாம், சாதாரணக் கம்ப்யூட்டரா, அந்த வேலைக்கென்றே விற்கும் என்விஆரா என்று யாராவது கேட்டால், அந்தப் பெட்டி நின்றுபோகிற நாளில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஏன் என்பது கீழே.

2020 கடைசியில் நான்கு கேமரா மாட்டினேன். எல்லாம் 4 மெகாபிக்சல், ஒரே கேபிளில் கரண்டும் படமும் போகிற பிஓஇ வகை. பதிவுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்: ஐ5 பிராசஸர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். என்விஆர் என்பது கம்பெனிக்காரன் பூட்டிக் கொடுக்கிற பெட்டி, கம்ப்யூட்டர் என்றால் நம் இஷ்டத்துக்கு வளைக்கலாம் என்று அப்போது ஒரு நினைப்பு. கொஞ்சம் தெரிந்தவனுக்கு வரும் நினைப்புதான் அது.

கம்ப்யூட்டரைக் குறை மட்டும் சொன்னால் நியாயமில்லை. பழைய பதிவைத் தேடுவதற்கு அதைப் போல எதுவும் கிடையாது. மவுஸை இழுத்தால் ராத்திரி முழுவதும் ஒரு நிமிடத்தில் ஓடிவிடும். ஆரம்பத்தில் பிராசஸர் எந்நேரமும் 70 சதவீதத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அசைவு கண்டுபிடிக்க நான்கு கேமராவின் முழுப் படத்தையும் அது பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்ததே காரணம். ஒவ்வொரு கேமராவும் பெரிய படம் ஒன்று, சின்னப் படம் ஒன்று என்று இரண்டு ஸ்ட்ரீம் அனுப்பும். சின்னதை வைத்து அசைவைப் பார்த்துவிட்டு, பெரியதை அப்படியே டிஸ்கில் எழுதச் சொன்னதும் 15 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பழைய கம்ப்யூட்டரில் பதிவு வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். புது மெஷின் வாங்கும் செலவு பலருக்கு மிச்சமாகும்.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் ஜன்னல் கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். அதே காற்றைத்தான் கம்ப்யூட்டரின் ஃபேன் இருபத்து நாலு மணி நேரமும் உள்ளே இழுக்கிறது. ஒன்பதாவது மாதம் மெஷின் தானாக நின்று நின்று போனது. திறந்து பார்த்தேன். பிராசஸரின் சூட்டை இறக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே மணலும் ஈரமும் சேர்ந்து, தோசைக்கல் ஓரத்தில் காய்ந்த மாவு மாதிரி அப்பிக்கிடந்தது. யுஎஸ்பி ஓட்டைகளில் துரு. ராமைக் கழற்றினால் அதன் கால்களில் பச்சைக் களிம்பு. பள்ளிக்கூட ரப்பர் வாங்கிவந்து தேய்த்துத் துடைத்துத் திரும்ப மாட்டியதும் ஓடியது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதே வேலை.

அப்புறம் 2022 ஜனவரி. ஒரு புதன்கிழமை ராத்திரி நெடுநேரம் கரண்ட் இல்லை, இன்வெர்ட்டர் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. காலையில் கரண்ட் வந்தது. வழக்கம்போல அம்மாவுக்கு போன் செய்து பெட்டி ஓடுகிறதா என்று கேட்டேன்.

“லைட்டு எரியுதுய்யா, ஃபேன் சத்தமும் கேக்குது” என்றார்.

செல்போனில் பார்த்தேன், நான்கு கேமராவும் தெரிந்தது. நிம்மதியாக இருந்துவிட்டேன். சனிக்கிழமை விடியக்காலை அம்மா போன். மோட்டார் ஓடவில்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை. ஸ்டார்ட்டரிலிருந்து போர் வரைக்கும் போன கேபிளை யாரோ வெள்ளியிரவு வெட்டி எடுத்துப் போயிருக்கிறார்கள். செம்புக்காகத்தான். சரி, நம்மிடம்தான் கேமரா இருக்கிறதே என்று ஊருக்கு வந்து மானிட்டரை மாட்டினால் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்தில் இரண்டு வரி: தொடர்வதற்கு எஃப்1 அமுக்கவும்.

மதர்போர்டில் ரூபாய்க் காசு அளவில் ஒரு செல் இருக்கும், சிஆர்2032. கரண்ட் இல்லாதபோது நேரத்தையும் செட்டிங்கையும் அதுதான் காப்பாற்றும். அது எப்போதோ செத்துப்போயிருக்கிறது. கரண்ட் தொடர்ந்து இருந்தவரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. முழுசாகப் போய் வந்ததும், தேதி மறந்துபோய், கீபோர்டில் யாராவது ஒரு பட்டனைத் தட்டுவார்கள் என்று வியாழன் காலையிலிருந்து மெஷின் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. கீபோர்டு பரணில் கிடந்தது. செல்போனில் நான் பார்த்த படம் கேமராவிலிருந்து நேராக வந்தது, அதற்கும் பதிவுக்கும் சம்பந்தமே இல்லை. முப்பது ரூபாய் செல் ஒன்றால் இரண்டு ராத்திரிப் பதிவு போனது, அதில் ஒரு ராத்திரிதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த மாதமே எட்டு கேமரா வரை பதியும் 8 சேனல் என்விஆர் வாங்கினேன், பின்னாலேயே கேமரா கேபிளைச் சொருகும் பிஓஇ போர்ட்டுகள் உள்ளது. கண்காணிப்புக்கென்றே விற்கும் 2 டிபி டிஸ்க் போட்டேன். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் இரண்டும் இந்த வகைதான். சாதாரண டிஸ்க் கூடாதா என்றால், ஓடும். ஆனால் ராத்திரி பகல் பாராமல் எழுதிக்கொண்டே இருப்பதற்கென்று செய்த டிஸ்க்குக்குக் கூடக் கொஞ்சம் காசு கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை.

எவ்வளவு பெரிய டிஸ்க் வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை, நாமே கணக்குப் போடலாம். ஒரு கேமரா நொடிக்கு 1 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி. என் பழைய கம்ப்யூட்டரில் எச்.264 என்ற படச் சுருக்க முறையில் கேமராவுக்கு 4 மெகாபிட் வைத்திருந்தேன். நான்கு கேமராவுக்கும் சேர்த்து நாளைக்கு 173 ஜிபி, 1 டிபி டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. இப்போது அதைவிட நன்றாகச் சுருக்கும் எச்.265, 2 மெகாபிட். நாளைக்கு 86 ஜிபி, 2 டிபியில் இருபத்து மூன்று நாள் நிற்கிறது. முகம் தெரிவதில் எனக்கு வித்தியாசம் படவில்லை. எத்தனை நாள் நின்றாலும், ஏதாவது நடந்தால் அன்றைக்கே பென்டிரைவில் ஏற்றிவிடுங்கள். மனு எழுதி, ஸ்டேஷனுக்குப் போய் வருவதற்குள் பழசின் மேல் புதுசு ஏறிவிடும்.

என்விஆரிடம் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்: கரண்ட் வந்ததும் யாரையும் கேட்காமல் எழுந்து பதிவைத் தொடங்கிவிடும். இந்த வருடங்களில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. கரண்ட் செலவும் குறைவு. பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். டெஸ்க்டாப் 58 வாட், அதாவது இரண்டு மாத பில்லில் 83 யூனிட். என்விஆர் டிஸ்க்கோடு சேர்த்து 12 வாட், 17 யூனிட். கேமராக்களின் 20 வாட் இரண்டு கணக்கிலும் தனி. 500 யூனிட் கோட்டை உரசிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு இந்த 66 யூனிட் சின்ன விஷயமில்லை. இன்வெர்ட்டரும் இப்போது ராத்திரியைத் தாண்டுகிறது.

பிடிக்காததும் உண்டு. தேடுவது கழுதையை ஓட்டுவது மாதிரி. மவுஸை வைத்து மெனுவுக்குள் மெனுவாகப் போக வேண்டும். செல்போன் ஆப் இஷ்டப்பட்டால் திறக்கும். கடிகாரம் வேறு மாதத்துக்குச் சில நிமிடம் பிந்திக்கொண்டிருந்தது, இன்டர்நெட்டிலிருந்து நேரம் எடுக்கும் செட்டிங்கைப் போட்டபின் சரியானது.

பின்னாலேயே பிஓஇ இருக்கும் என்விஆரை வாங்கியதுதான் நான் செய்த பெரிய தப்பு. கேபிள் குழப்பம் குறைவு என்று ஆசைப்பட்டேன். 2023 ஐப்பசியில் ஓர் இடி. பக்கத்துத் தென்னையில் விழுந்ததாகச் சொன்னார்கள், முற்றத்துக் கேமராவும் என்விஆரின் மூன்றாவது போர்ட்டும் போயின. கேமரா கேபிள்களை ஒன்றுசேர்த்துக் கரண்ட் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்ச் பெட்டியைத் தனியாக வைத்திருந்தால் பெரும்பாலும் அடி ஸ்விட்ச்சோடு நின்றிருக்கும், அது மட்டும் மாற்றினால் போதும். இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது: என்விஆரின் சொந்த போர்ட்டில் மாட்டும் கேமராக்கள் பெரும்பாலும் தனி நெட்வொர்க்கில் போய் உட்கார்ந்துவிடும். வீட்டில் வேறு கம்ப்யூட்டரிலிருந்து அவற்றை நேராகப் பிடிக்க முடியாது.

அது எனக்கு எதற்கு என்றால், காக்கைக்காக. கருவாடு காயும் முற்றத்தில் அசைவு எச்சரிக்கை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். காக்கை, பூனை, கட்டிய வலையின் ஆட்டம், ராத்திரியில் லென்ஸ் முன்னால் வலை பின்னும் எட்டுக்கால் பூச்சி. ஒரே நாளில் முன்னூறு எச்சரிக்கை வந்ததும் சத்தத்தை அணைத்துவிட்டேன். அணைத்த எச்சரிக்கையால் யாருக்கு லாபம்? 2024-இல் உள்ளங்கை அளவு மினி பிசி ஒன்று வாங்கினேன், இன்டெல் என்100, ஃபேன் இல்லாதது. அதில் லினக்ஸ் போட்டு, கேமராப் படத்தில் ஆளை அடையாளம் காணும் ஃபிரிகேட் என்ற சாஃப்ட்வேர் ஓடுகிறது. சின்ன ஸ்ட்ரீமைப் பார்த்து, மனிதன் என்றால் மட்டும் எனக்குச் சொல்லும். முன்னூறு எச்சரிக்கை ஆறேழானது. அந்த ஆறேழும் பெரும்பாலும் அம்மாதான்.

மினி பிசி எல்லோருக்கும் வேண்டுமா என்றால், வேண்டாம். அதை நிறுவ எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது, நடுவில் ஒரு தடவை எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். பதிவு முழுவதும் இன்றும் என்விஆரில்தான். மினி பிசி நின்றால் எச்சரிக்கை மட்டும் போகும், பதிவு போகாது. வீட்டிலேயே இருந்து, இதையெல்லாம் நோண்டுவதில் ஆசையும் உள்ளவர் கம்ப்யூட்டரையே வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு பிஓஇ இல்லாத என்விஆர், தனி ஸ்விட்ச், எச்.265 கேமரா போதும். முக்கியமான கேமரா ஒன்றில் மெமரி கார்டும் போட்டுவிடுங்கள். பெட்டி செத்தாலும் அது தனியாக எழுதும். என் போர் கேமராவில் 128 ஜிபி கார்டு இருக்கிறது, அந்த ஜனவரிக்குப் பிறகு.

கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம். பெட்டியைவிடச் சீக்கிரம் போவது கேபிள் முனை. பிஓஇ கேபிளில் 48 வோல்ட் அளவில் கரண்ட் ஓடுகிறது. உப்பு ஈரம் சேர்ந்தால் பின்களைச் சில மாதங்களிலேயே தின்றுவிடும். கேமரா வாலும் கேபிளும் சேரும் இடத்தை பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, பின்களில் சிலிக்கோன் கிரீஸ் தடவி, உள்ளே போகும் முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு வளைத்துவிடுகிறேன். தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். கேபிள் முழுச் செம்பா என்று வெட்டிப் பாருங்கள். செம்பு பூசிய அலுமினியம் எங்கள் ஊருக்கு ஆகாது.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அன்றைக்கு எங்கள் கூடத்தில் கணுக்கால் தண்ணீர். பரணில் இருந்த என்விஆர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு, வாசலில் இருந்த என் ரப்பர் செருப்பு மிதந்து கேட்டைத் தாண்டிப் போவதை நேரலையில் பார்த்தேன்.

அடுத்து முற்றத்துக் கேமராவை மாற்ற வேண்டும், கண்ணாடி மங்கிவிட்டது. அதைக் கொஞ்சம் மேற்காகத் திருப்பி மாட்டச் சொல்கிறார் அம்மா. திருடனுக்காக இல்லை. அடுப்படியில் இருந்தபடியே டிவியில் மேகத்தைப் பார்த்துவிட்டு, தூறல் விழுவதற்குள் கருவாட்டை அள்ள வேண்டுமாம்.