பெங்களூரில் கேரவன் டிரெய்லர் வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு: பிரேக்கைப் பார்க்காமல் மலையேறாதீர்கள்

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் கேரவன் டிரெய்லரைப் பெங்களூரில் இப்போது சிலர் வாடகைக்குத் தருகிறார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். ஊட்டிக்கோ குடகுக்கோ குழந்தைகளோடு போகலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கும் நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்குக் கொடுத்த டிரெய்லரில் பிரேக் வேலை செய்யவே இல்லை. தெரிந்தேதான் கொடுத்தார்கள்.

வாடகைக்கு விட்டவர் நல்ல தமிழ் பேசினார். கிருஷ்ணகிரிப் பக்கம் என்றார். "நம்ம ஊர்க்காரங்க சார் நீங்க, உங்களுக்குப் போய்த் தப்பா ஒண்ணு குடுப்பேனா?" என்று சொல்லி, வாடகையை முழுதாக முன்பே வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் 40,000 ரூபாய் டெபாசிட்டும் வாங்கினார். டிரெய்லருக்குத் தனி பிரேக் உண்டா என்று என் மச்சான் கேட்டான். "ஓவர்ரன் பிரேக் சார், தானாப் பிடிக்கும்" என்று பதில் வந்தது. ஆர்.சி. நகலை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். வரவே இல்லை.

ஓவர்ரன் பிரேக் நல்ல ஏற்பாடுதான். கார் வேகம் குறைந்தால் பின்னாலுள்ள டிரெய்லர் முன்னே தள்ளும். அந்தத் தள்ளல் கப்ளிங்கில் (காரின் கொக்கியோடு டிரெய்லரை இணைக்கும் பகுதி) இருக்கும் தண்டை உள்ளே அழுத்தும், தண்டு கேபிளை இழுக்கும், கேபிள் டிரெய்லர் சக்கரத்தின் பிரேக் ஷூவை விரித்துச் சக்கரத்தைப் பிடிக்க வைக்கும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் டிரெய்லரின் மொத்த எடையும் காரின் பிரேக் மேல்தான் விழும். எங்களுடையது சாமானோடு சேர்த்து ஒரு டன்னுக்குக் குறையாது.

மைசூரு ரோட்டிலேயே ஒரு கோளாறு தெரிந்தது. கொஞ்சம் வேகம் கூடினால் டிரெய்லரின் பின்பக்கம் இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்தது. தண்ணீர்த் தொட்டி பின்கோடியில் இருந்தது, அதை நிரப்பிக் கொடுத்ததும் அவர்கள்தான். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்னால் கொக்கி மேல் இறங்க வேண்டும். பின்னால் பாரம் கூடினால் இந்த ஆட்டம் வரும். தொட்டியைக் காலி செய்தோம், அடங்கியது. குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், முதுமலை, கூடலூர் வழியாக ஊட்டிக்கு ஏறியபோது எந்தச் சிக்கலும் இல்லை. ஏற்றத்தில் எஞ்சினுக்குத்தான் வேலை, பிரேக்குக்கு அவ்வளவாக இல்லை. அதனால்தான் இந்த மோசடி மேலே போய்ச் சேரும்வரை வெளியே தெரியாது.

இறங்கும்போதுதான் தெரிந்தது. ஊட்டியிலிருந்து இறங்கும் இன்னொரு பாதையான கல்லட்டி வழியில் 36 கொண்டை ஊசி வளைவுகள் என்பதால் அந்தப் பக்கமே நினைக்கவில்லை, வந்த கூடலூர் வழியிலேயே திரும்பினோம். பைக்காரா தாண்டும்வரை சரியாகத்தான் இருந்தது. நடுவட்டத்துக்குக் கீழே சரிவு கூடியதும், இரண்டாவது கியரில் வந்தும் பின்னாலிருந்து யாரோ உந்துவது போலவே இருந்தது. கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவில் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனது. பின் சீட்டில் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். மச்சான் முதல் கியருக்கு மாற்றி, கை பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினான். அதை இப்போது எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

பின்னால் வந்த காய்கறி லாரிக்காரர் இறங்கி ஓடிவந்து முதலில் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். பிறகு புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கொண்டுபோய்ப் பார்த்தார். "அண்ணே, கார் சக்கரம் கொதிக்குது. இதைப் பாருங்க, டிரெய்லர் சக்கரம் ஜில்லுனு இருக்கு. இது ஒரு தடவகூடப் பிடிக்கல." அடியில் குனிந்து பார்த்தால், பிரேக் கேபிளைத் தண்டிலிருந்து கழற்றி, கட்டுக்கம்பியால் சேஸிஸோடு முறுக்கிக் கட்டியிருந்தது. கம்பி துருப்பிடித்திருந்தது. எங்களுக்கு முன்னால் எத்தனை குடும்பங்கள் இப்படியே மலை இறங்கியிருக்கும்?

கூடலூர் பட்டறையில் கேபிளை மாற்றி, காரின் பிரேக் ஆயிலையும் மாற்றி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரை மூடியிருக்கும். அங்கேயே தங்கினோம். அந்தத் தாமதத்துக்கும் சேர்த்து வாடகைக்கு விட்டவர்கள் அபராதம் போட்டார்கள். டெபாசிட்டைக் கேட்டபோது, "நீங்க பிரேக்க ரொம்ப மிதிச்சு லைனிங்க எரிச்சிட்டீங்க" என்று முழுத்தொகையையும் பிடித்துக்கொண்டார்கள். ஒருமுறைகூடப் பிடிக்காத பிரேக்கின் லைனிங் எப்படி எரியும்? பட்டறை ரசீதும் கட்டுக்கம்பியைப் படம்பிடித்த வீடியோவும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கவே மறுத்துவிட்டார்கள்.

எடுக்கப் போகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் டிரெய்லரை ஜாக்கி போட்டுத் தூக்கச் சொல்லுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, முன்னாலுள்ள கை பிரேக்கை இழுத்தால் சக்கரம் இறுகி நிற்க வேண்டும். அப்புறம் கீழே குனிந்து, கப்ளிங் தண்டிலிருந்து கேபிள் சக்கரம்வரை தடையில்லாமல் போகிறதா என்று பாருங்கள். சேஃப்டி செயினும், டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கை இழுத்துவிடும் தனிக் கம்பியும் இருக்க வேண்டும். "அதெல்லாம் நேரமாகும் சார்" என்றால் வந்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். அதன் பதிவு எண் பக்கவாட்டிலும், இழுக்கும் காரின் எண் பின்னாலும் தெரிய வேண்டும். எங்களுக்குக் கொடுத்ததில் எந்த எண்ணும் இல்லை. டிரெய்லரை இழுத்துப் போகும்போது உங்கள் கார் இன்சூரன்ஸ் செல்லுமா என்பதையும் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இதே போல் டெபாசிட்டை இழந்தவர்கள் ரசீதோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போடலாம். அந்த டிரெய்லர் இன்னும் வாடகைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. வெள்ளை உடம்பு, ஜன்னலுக்குக் கீழே நீலப் பட்டை, பக்கவாட்டில் எண் கிடையாது. அதைக் காட்டினால் எடுக்காதீர்கள்.