ஹேண்ட் பிளெண்டர் வாங்கப் போறீங்களா? மூணு மாசத் தவணை தண்ணியில போன கதை, படிச்சிட்டு வாங்குங்க

"உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது"னு இன்னைக்குக் காலையில மெசேஜ் வந்துச்சு. முடிச்சு வச்சது அவங்க. இந்தப் பக்கம் எதுவும் முடியல. மூணு மாசத் தவணையில வாங்கின பொருள். ஒரு தவணை கட்டியாச்சு, ரெண்டு பாக்கி இருக்கு, மெஷின் 11ஆம் நாளே செத்துப்போச்சு. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

கடை பேர் வேணாம். வீட்டுச் சாமான் விக்கிற ஆன்லைன் கடை. அவங்க நேரடியா விக்கிறது கொஞ்சம்தான், வெளியாளுங்க வந்து கடை விரிச்சு விக்கிறது நிறைய. அந்த ரகம். சூப்புக்கும் ஸ்மூத்திக்கும் ஹேண்ட் பிளெண்டரை எப்படிப் பாத்து எடுக்கணும்னு கடைசியில பத்துப் பாயிண்ட் போடுறேன். முதல்ல நடந்தது.

விளம்பரத்துல போட்டிருந்தது: 1000 வாட், காப்பர் மோட்டார், முழு ஸ்டீல் ஷாஃப்ட் (பிளேடு இருக்குற கீழ்த்தண்டு), 4 பிளேடு, 20 ஸ்பீடு. அதை மட்டும் நம்பி வாங்கல. விக்கிறவங்க சாட்ல ரெண்டு கேள்வி கேட்டேன். அடுப்புலேருந்து இறக்கின சூப்புல நேரா விடலாமா? ஃப்ரீசர்ல வச்ச பழத்தை அரைக்குமா? ரெண்டே நிமிஷத்துல பதில்: "தாராளமா விடலாம் சார், ஷாஃப்ட் முழுக்க ஸ்டீல், ஐஸே பொடியாகும்." கூடவே ஒரு வீடியோ. ஜார்ல ஐஸ் கட்டி, பிளேடு உள்ள இறங்குது, அடுத்து பாத்தா பனி மாதிரி தூள்.

அந்த ரெண்டு நிமிஷப் பதில்தான் கவுத்துச்சு. கேட்ட உடனே பதில் சொல்றாங்கன்னா பின்னாடியும் இப்படித்தான் நிப்பாங்கன்னு மனசு தானா கணக்குப் போட்டுக்குது. வீடியோவை இப்போ நிறுத்தி நிறுத்திப் பாத்தா, பிளேடு ஐஸைத் தொடுறதுக்கும் தூள் தெரியுறதுக்கும் நடுவுல வெட்டு. ஓடுற சத்தம் இல்ல, பாட்டுதான் ஓடுது. ஹேண்ட் பிளெண்டர் வீடியோவுல மோட்டார் சத்தத்தை எடுத்துட்டா அங்கேயே சந்தேகப்படணும். திணறுற மோட்டாரோட சத்தம் இறங்கும், அது காதுக்குத் தெரிஞ்சுடும்.

பொருள் வந்த அன்னைக்கே பாத்திருக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. கைப்பிடியோட பின்பக்கமோ அடியிலயோ சின்னதா ஒரு ரேட்டிங் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. அட்டைப்பெட்டியில கொட்டை எழுத்துல 1000 வாட். ஸ்டிக்கர்ல 250 வாட். ரெண்டும் ஒரே மெஷின்தான். இவங்க பெட்டியில போடுறது பீக் வாட். மோட்டார் கிளம்புற நொடியிலயும் மாட்டிக்கிட்டுத் திணறும்போதும் கரண்டை அள்ளி இழுக்கும் இல்லையா, அந்தக் கணத்து எண். ஓடும்போது இழுக்குறது ஸ்டிக்கர்ல இருக்குறதுதான். அதுவும் பிளக்குலேருந்து உள்ள போற வாட், பிளேடுக்குப் போய்ச் சேர்றது அதைவிடக் கம்மி.

உண்மையைச் சொல்லணும்னா, குழைய வெந்த காயை சூப்பாக்க 250 வாட் போதும். அதை 250னே சொல்லி வித்திருந்தா இந்தப் பதிவே இல்ல. உறைஞ்ச பழத்துக்குத்தான் அது பத்தாது.

அதே ஸ்டிக்கர்ல "கே.பி. 1 மினிட்"னு இன்னொரு வரி இருந்துச்சு. எத்தனை பேர் அதைப் படிக்கிறோம்? கொஞ்ச நேரம் மட்டும்தான் ஓட்டணும்ங்கிறதுக்கான குறி அது, ஜெர்மன் சொல்லோட சுருக்கம். ஒரேடியா 1 நிமிஷத்துக்கு மேல ஓட்டக் கூடாது, அப்புறம் ஆற விடணும். இந்த மெஷினோட புத்தகத்துல பொடி எழுத்துல 1 நிமிஷம் ஓட்டு, 3 நிமிஷம் ஓய்வுன்னு போட்டிருக்கு. விளம்பரத்துல அது எங்கேயும் இல்ல. சாட்லயும் சொல்லல. இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

அடுத்து அந்த "முழு ஸ்டீல்" ஷாஃப்ட். நாலாவது தடவை சூப்புல விட்டப்போ பிளேடைச் சுத்தி இருக்குற குடையோட விளிம்புல ஒரு வெடிப்பு. நகத்தால தொட்டா மீன் செதில் மாதிரி பளபளன்னு பேந்து வருது, அடியில வெள்ளை பிளாஸ்டிக். ஸ்டீலே இல்ல, பிளாஸ்டிக் மேல குரோம் பூச்சு. சூட்டுல பிளாஸ்டிக் விரியுற அளவு வேற, மேல இருக்குற உலோகப் பூச்சு விரியுற அளவு வேற. திரும்பத் திரும்ப சூடு பட்டா பூச்சு வெடிக்காம என்ன செய்யும்? அந்தச் செதில் அன்னைக்கு சூப்புல எவ்வளவு போச்சுன்னு நினைச்சாலே வயித்தைப் பிரட்டுது.

காந்தம் வச்சுப் பாத்தியான்னு கேப்பீங்க. அது உதவாது. பாத்திரத்துக்குப் போடுற 304 ஸ்டீல்லயும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, பிளாஸ்டிக்லயும் ஒட்டாது. கை வச்சுப் பாருங்க, ஸ்டீல் சட்டுன்னு ஜில்லுன்னு இருக்கும். ஸ்பூனால தட்டுங்க, பிளாஸ்டிக் மொத்தையா சத்தம் போடும்.

குடையிலயும் குறை இருந்துச்சு. பக்கவாட்டுல மூணே மூணு சின்ன வெட்டு. திரவம் உள்ள வந்து வெளிய போக வழி இல்லாததால குடை பாத்திரத்தோட அடியில கப்புனு ஒட்டிக்குது. பிடுங்கி எடுத்தா சூடான சூப்பு கைமேல. வெட்டு அகலமாவும் விளிம்பு ஏத்த இறக்கமாவும் இருந்தா இப்படி உறிஞ்சிப் பிடிக்காது.

20 ஸ்பீடு கதையும் கேளுங்க. 1லேருந்து 15 வரைக்கும் திருப்பினாலும் காதுக்கு ஒரே சத்தம். சரி, அதை விடுங்க.

செத்தது எப்படின்னா, உறைஞ்ச பழம் போட்ட ஸ்மூத்தியில. பழம் 2 செ.மீ. துண்டு, திரவம் முதல்லயே ஊத்தியாச்சு, விட்டு விட்டுத்தான் அழுத்தினேன். திடீர்னு மோட்டார் கிய்யுன்னு கத்துது, பிளேடு அசையல. பிளக்கைப் பிடுங்கிட்டு ஷாஃப்டைக் கழட்டிப் பாத்தா, கைப்பிடியும் ஷாஃப்டும் சேர்ற இடத்துல இருக்குற கப்ளர் மழமழன்னு இருக்கு. நட்சத்திரம் மாதிரி ஆறு பல் இருந்த இடத்துல ஒரு உருண்டை, சுத்தி மாவு மாதிரி வெள்ளைத் தூள். பிளேடு பழத்துல மாட்டிக்கிச்சு, மோட்டார் விடாம திருப்புச்சு, நடுவுல இருந்த பிளாஸ்டிக் பல் தேஞ்சு போச்சு. கப்ளர் பிளாஸ்டிக்ல இருக்குறது தப்பில்ல. மோட்டாருக்குள்ள இருக்குற கம்பிச் சுருள் எரியுறதுக்குப் பதிலா கப்ளர் போகட்டும்னு நல்ல மெஷின்லயும் அப்படி வைக்கிறது உண்டு. ஆனா அங்க கப்ளரைத் தனியா விப்பாங்க, அஞ்சு நிமிஷத்துல மாத்திடலாம். இதுக்கு ஸ்பேரே கிடையாதாம்.

இனிமேதான் கூத்து. ரெண்டு நிமிஷத்துல பதில் சொன்ன அதே சாட், இப்போ ரெண்டு நாள் கழிச்சு கேட்டது: "சார்ஜ் ஏத்திப் பாத்தீங்களா?" ஒயர் வச்ச மெஷின்! அதைச் சொன்னதும் வீடியோ அனுப்பச் சொன்னாங்க. அனுப்பினேன். வெளிச்சம் பத்தலையாம், இன்னொண்ணு. அதையும் அனுப்பினேன். அப்புறம் சீரியல் நம்பர். ஸ்டிக்கர்ல சீரியல் நம்பரே இல்ல, இல்லாததை எங்கேருந்து கொடுக்க?

அடுத்து ஒரு அக்கா போன் பண்ணாங்க. ரொம்பத் தன்மையா, "ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் சார் ஓட்டுவீங்க?"ன்னாங்க. சூப்புக்கு ரெண்டு மூணு நிமிஷம் ஆகும்னு உள்ளதைச் சொன்னேன். மறுநாள் மெயில்: "தவறான பயன்பாடு, 1 நிமிடத்திற்கு மேல் இயக்கப்பட்டுள்ளது." ஸ்டிக்கர்ல இருந்த அந்த வரிதான். விக்கும்போது வாய் திறக்கல, மறுக்கும்போது மட்டும் எடுத்து நீட்டுறாங்க. கப்ளர் போனது ஸ்மூத்தியில, சூப்பு ஓட்டின நேரத்தைக் கேட்டு எழுதிட்டாங்க.

2 வருஷ வாரண்டி என்னாச்சுன்னு கேட்டதுக்கு வந்த பதிலை ஃபிரேம் போட்டு மாட்டலாம்: "வாரண்டி மோட்டாருக்கு மட்டும் சார். உங்க மோட்டார் ஓடுதே." ஓடுது. ஒண்ணையும் அரைக்காம நல்லா ஓடுது. கப்ளர் தேய்மானப் பொருளாம், ஷாஃப்ட் உரிஞ்சது அழகு சார்ந்த குறையாம். கடைக்குப் போனா விக்கிறவங்களைக் கேளுங்கன்னு சொல்றாங்க, விக்கிறவங்க கடையைக் கேளுங்கன்னு சொல்றாங்க. திருப்பி அனுப்புற 7 நாள் கெடு தாண்டிடுச்சுன்னு ரெண்டு பேரும் ஒத்துமையாச் சொல்றாங்க. தவணையை நிறுத்தச் சொன்னா, பொருள் டெலிவரி ஆயிடுச்சு, அது கடன் கொடுத்தவங்க சமாச்சாரம்னு கைகழுவிட்டாங்க. கடைசியா ஒரு கூப்பன் கொடுத்தாங்க, அதே கடையில இன்னொண்ணு வாங்கிக்க! மூணு மாசத் தவணைக்கு ஆறுதல் அது.

பத்துப் பாயிண்ட் சொன்னேன்ல, இப்போ எழுதப் பொறுமை இல்ல. முக்கியமானது மட்டும். ரேட்டிங் ஸ்டிக்கரோட போட்டோ கேளுங்க, அனுப்பலைன்னா வாங்காதீங்க. வாரண்டி எந்தெந்தப் பாகத்துக்கு, கப்ளர் தனியா கிடைக்குமான்னு எழுத்துல வாங்குங்க. பெட்டி பிரிக்கிறதை வீடியோ எடுங்க.

வந்த முதல் நாளே ஒரு ஜார் தண்ணியில 10 செகண்ட் ஓட்டி, பிளக்கைப் பிடுங்கி, ஷாஃப்டை மட்டும் கழட்டி வெள்ளைத் துணி மேல நிக்க வச்சு ராத்திரி முழுக்க விடுங்க. காலையில கறுப்பாக் கசிஞ்சிருந்தா சீல் சரியில்ல, கிரீஸ் சாப்பாட்டுல இறங்கும். கெடுவுக்குள்ள திருப்பி அனுப்பிடுங்க.

எத்தனை நிமிஷம் ஓட்டினீங்கன்னு போன்ல கேட்டா வாயால பதில் சொல்லாதீங்க, மெயில்ல கேக்கச் சொல்லுங்க.

எந்த மெஷினா இருந்தாலும் குடை முழுக்க முங்கின அப்புறம் பட்டன், பட்டனை விட்டுப் பிளேடு நின்ன அப்புறம் வெளிய. பிளேடுல விரல் வைக்கிறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிடுங்க.

ரெண்டாவது தவணை வர்ற 5ஆம் தேதி பிடிப்பாங்களாம். அந்த மெசேஜ் மட்டும் கரெக்டா வந்துடுச்சு.