பத்மினியும் பத்து மழைக்காலமும்

முதல் நாள் என் கையில் இருந்தது ஒரு திருப்புளி மட்டும்தான். பழைய பத்மினி காரில், இடது பக்கக் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் கதவுப்படியின் அடியில் பெயிண்ட் லேசாகப் பொருமியிருந்த இடத்தில் அதன் முனையை வைத்து அழுத்தினேன். அழுத்தியதாகவே தோன்றவில்லை, கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் காப்பித்தூள் போல ஒரு பிடி துரு கொட்டியது. அதன் பின்னால் கொஞ்சம் கறையான் மண், அதற்கும் பின்னால் ஒரு கசங்கிய தாள். ஓட்டையை அடைக்கச் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, அதன் மேல் பட்டி பூசி, பெயிண்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். விரித்துப் பார்த்தால் லாட்டரி முடிவுகள். கேரள லாட்டரி அல்ல, நம் ஊர்க் குலுக்கல். தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தது 2003இல். ஆக, அந்தத் திருட்டு வேலைக்குக் குறைந்தது பதினேழு வயது. நான் திருப்புளியை வைத்தது 2020 ஊரடங்கில்.

வண்டி 1983ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி. 1089 சிசி எஞ்சின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், முன்னால் பெஞ்சு போன்ற நீள இருக்கை. குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த என் மாமாவின் வண்டி. 2009க்குப் பிறகு ஷெட்டைவிட்டு நகரவில்லை. "ஓடுகிற வண்டிக்குத் துரு பிடிக்காது மக்கா, நிறுத்திப் போட்டால்தான் பிடிக்கும்" என்று சாவியைக் கொடுக்கும்போது சொன்னார். மாமா சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை டிக்கி சொன்னது. ரப்பர்ப் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கத் தேவையான ஃபார்மிக் ஆசிட்டைக் கேனில் வாங்கி, வண்டி ஓடிக்கொண்டிருந்த காலமெல்லாம் டிக்கியில்தான் கொண்டுபோயிருக்கிறார். ஸ்டெப்னி படுத்திருந்த பள்ளத்தில் தகடே இல்லை. அங்கே எட்டிப் பார்த்தால் ஷெட்டின் தரை தெரிந்தது. ஓடிய வண்டிதான்!

எங்கள் வீடு மணவாளக்குறிச்சி பக்கம். கடல் இரண்டு கிலோமீட்டர். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது சன்னல் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். போதாததற்குத் தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. வேலை முடிந்து வண்டி சாலையில் இறங்கியது 2021 தை மாதம். அதிலிருந்து ஐந்து ஆண்டு என்றால், எங்கள் கணக்கில் பத்து மழைக்காலம். எது நின்றது, எது காலை வாரியது என்று சொல்ல இது போதுமான காலம் என்று நினைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பளபளக்கும் மேல் பெயிண்டுக்கு ஐம்பத்தைந்தாயிரம் செலவழித்தேன். துரு விஷயத்தில் அது எனக்குச் செய்த உதவி மிகக் குறைவு. பத்மினி உள்ளிருந்து அழுகுகிற வண்டி. கதவுக்குள்ளும் கதவுப்படிக்குள்ளும் போன தண்ணீர் வெளியே வர அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். அவை மண்ணும் பட்டியும் அடைத்துப்போனால் மழை நின்ற பிறகும் உள்ளே மழைதான். ஐந்து ஆண்டில் எனக்கு அதிகம் உழைத்த கருவி எது என்று கேட்டால், அந்த ஓட்டைகளைக் குத்திவிட நான் வளைத்து வைத்திருக்கும் பழைய சைக்கிள் போக்குக் கம்பி என்றுதான் சொல்வேன்.

தகட்டு வேலைக்கு மார்த்தாண்டத்திலிருந்து ஓர் ஆசான் வந்தார். அறுபது வயது டிங்கர். வந்ததும் பேசவில்லை. சுத்தியலின் கட்டைப் பிடியால் வண்டியைச் சுற்றித் தட்டிக்கொண்டே போனார். 'டங்' என்று கேட்ட இடத்தைத் தாண்டினார். 'தொப்' என்று கேட்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார். சுற்றி முடித்தபோது வண்டி வைசூரி கண்ட பிள்ளை மாதிரி இருந்தது.

பத்மினிக்கு லாரிபோலத் தனி சேசிஸ் கிடையாது, உடல்தான் எலும்பு. கதவுப்படியை அறுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அறுப்பதற்கு முன் கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். வலப்பக்கம் ஆசான் அப்படித்தான் செய்தார். இடப்பக்கம் அவர் வராத ஒரு நாளில் நானே கிரைண்டரை எடுத்தேன், முட்டுக் கொடுக்காமல். பழைய தகடு விழுந்தபோது கதவிலிருந்து 'க்ளக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்தக் கதவு இன்றைக்கும் கொஞ்சம் தூக்கிச் சாத்தினால்தான் பூட்டும். மறுநாள் ஆசான் வந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "படித்த பிள்ளை அல்லவா" என்றார்.

கதவுப்படிக்கு 18 கேஜ், தரைக்கு அதைவிட மெல்லிய 20 கேஜ், இரண்டும் சி.ஆர். எனும் பூச்சில்லாத இரும்புத் தகடு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காதே என்று நானும் கேட்டேன். பற்றவைக்கும்போது துத்தநாகம் புகையாகி மூச்சில் ஏறினால் இரவு காய்ச்சல் வரும் என்று ஆசான் மறுத்துவிட்டார். பற்றவைப்பு தொடங்கும் முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தென்னைமரத்தடிக்குக் கொண்டுபோனோம், பேட்டரியையும் கழற்றினோம். இதில் சோம்பல் கூடாது.

துருவை எடுப்பதற்கு ஊரில் எல்லோரிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. கடற்கரை மணலை அள்ளி வந்து, காற்றழுத்தத்தில் பீய்ச்சி பிளாஸ்ட் அடிக்கலாம் என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். எங்கள் மணலில் கார்னெட் என்ற கடினமான கனிமம் உண்டு, அதைப் பிரித்தெடுத்து உலகமெங்கும் இரும்பைச் சுரண்டப் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அள்ளி வரும் மணலில் உப்பும் சேர்ந்தே வரும், சிலிக்காத் தூசி நுரையீரலைத் தின்றுவிடும், மணல் அள்ளினால் கேஸும் உண்டு. நான் வயர் பிரஷ்ஷோடு நின்றேன். கதவுக் கீல், பம்பர் பிராக்கெட் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு மட்டும் நீலப் பிளாஸ்டிக் பீப்பாயில் சலவைச் சோடாக் கரைசல், பேட்டரி சார்ஜர், பலி கொடுக்க ஒரு பழைய இரும்புக் கம்பி. சாமானை மைனஸிலும் கம்பியை ப்ளஸிலும் மாட்டி ஓரிரவு விட்டால் துரு கறுப்புச் சேறாக உரிந்து வரும். ப்ளஸில் எவர்சில்வரை மட்டும் மாட்டிவிடாதீர்கள், குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகிவிடும். ஹைட்ரஜன் கிளம்புவதால் வீட்டுக்குள்ளும் வேண்டாம்.

சுரண்டிய தகட்டை நல்ல தண்ணீரில் கழுவாமல் எதையும் பூசக்கூடாது. பெயிண்டுக்கு அடியில் சிக்கிய உப்பு, மேலே என்ன பூசினாலும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர் என்பதை இதில் தாமதமாகத்தான் யோசித்தேன். பிறகு மாடியிலிருந்து பிடித்த மழைத் தண்ணீரில் கழுவித் துடைத்து, அன்றைக்கே பிரைமர் என்னும் அடிப்பூச்சு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்றால் வெள்ளித் தகடு மஞ்சள் பூத்திருக்கும். எங்கள் காற்று அப்படி.

எதைப் பூசுவது என்பதில்தான் பெரிய குழப்பம். மிஞ்சிய சி.ஆர். தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஐந்து துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பூசி, ஆணியால் பெருக்கல் குறி கீறி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கடலைப் பார்க்கத் தொங்கவிட்டேன். ஒன்றில் வெறும் ரெட் ஆக்சைடு. ஒன்றைத் துருப்பிடிக்கவிட்டு, கடையில் விற்கும் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு மாற்றி தடவி, மேலே எனாமல். ஒன்றில் என் சொந்தச் சரக்கு: கடுக்காய்க் கஷாயம். சிரிக்க வேண்டாம். கடுக்காயில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகிக் கெட்டிப்படும்; அந்தக் காலத்தில் மை செய்ததும் இப்படித்தான். துரு மாற்றிகளில் ஒரு வகை இந்த டானினைத்தான் நம்பியிருக்கிறது. நான்காவதில் இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்ஸி பிரைமர், இரண்டு கை. ஐந்தாவதில் துத்தநாகப் பிரைமர், அதன் மேல் எபாக்ஸி.

ஓராண்டு கழித்துக் கழற்றினேன். கடுக்காய்த் தகடு எட்டாம் மாதமே வாழைப்பட்டை போல உரிந்துவிட்டது. ரெட் ஆக்சைடில் கீறலிலிருந்து இரு பக்கமும் விரல் அகலத்துக்குத் துரு ஊர்ந்திருந்தது. துரு மாற்றி நடுவில் நின்றது, ஓரத்தில் தோற்றது. எபாக்ஸியில் கீறிய கோடு மட்டும் சிவப்பு, அதைத் தாண்டவில்லை. ஐந்தாவதுதான் வேடிக்கை. கீறலில் சிவப்பே இல்லை. உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் பொடி. இரும்புக்குப் பதில் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அதை வெறும் இரும்பில்தான் பூச வேண்டும். துரு மாற்றிக்கு மேலோ பழைய பெயிண்டுக்கு மேலோ பூசினால் இரும்போடு தொடர்பே இருக்காது, காசு வீண்.

இந்த ஞானமெல்லாம் வரும்போது வண்டிக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. நல்ல காலமாக அடித்தரை, கதவுப்படி, டிக்கி மூன்றுக்கும் எபாக்ஸிதான் போட்டிருந்தேன், விசைப்படகுக்குப் பெயிண்ட் விற்கும் கடையில் வாங்கியது. படகுக்கான எபாக்ஸி சிலவற்றை இறுகவைக்கும் ஹார்டனரை முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயிலிருந்து எடுக்கிறார்கள், அதனால் ஈரப்பதத்திலும் இறுகும் என்று பிறகு படித்தேன். அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தோடு உடைத்த பெண்களின் விரல்களைக் கறுப்பாக்குகிற அதே எண்ணெய். எங்கள் பாட்டியின் விரல்கள் நினைவுக்கு வந்தன. பின் மட்கார்டு இரண்டின் உள்பக்கம் மட்டும் ஆசானின் பிடிவாதத்தில் ரெட் ஆக்சைடு. அதன் மேல் ஒரு கடையில் ரப்பர் போன்ற கறுப்புத் தார்ப் பூச்சு அடித்துக் கொடுத்தார்கள், "ஆயுசுக்கும் கவலையில்லை" என்று. இந்தப் பூச்சைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை கிடையாது. புதிதில் வண்டியின் இரைச்சல் குறைந்தது நிஜம். மூன்றாம் ஆண்டில் கல் தெறித்துக் கீறல் விட்டது. அந்த வழியே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. மேலே பார்த்தால் அழகாக இருக்கும். விரலால் அழுத்தினால் அடை போல அமுங்கும்.

மாறாக, மனசாரச் சொல்லக்கூடியது மெழுகு. மூடிய பகுதிகளுக்குள் நீளக் குழாய் விட்டுப் பீய்ச்சும் மெழுகு எண்ணெய். கதவுப்படி, கதவு, பானெட்டின் உள்மடிப்பு எல்லாவற்றிலும் அடித்தேன். குறைகளும் உண்டு. சித்திரை வெயிலில் இளகி ஒழுகும். போர்டிகோத் தரையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. ஒரு மாதம் வண்டிக்குள் மெழுகுவத்தி வாடை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். ஆனால் 2021 நவம்பர் வெள்ளத்தில் ஓரிரவு முழுக்கப் பாதிச் சக்கரம் வரை தண்ணீரில் நின்றது வண்டி. மறுநாள் போக்குக் கம்பியால் ஓட்டைகளைக் குத்திவிட்டேன். பத்து நிமிடம் செம்மண் தண்ணீர் கொட்டியது. அடுத்த வாரம் உள்ளே சின்ன கேமராவை விட்டுப் பார்த்தேன். மெழுகு அப்படியே இருந்தது. பழைய எஞ்சின் ஆயிலைப் பீய்ச்சினால் போதும் என்பவர்கள் நிறைய. ரப்பர் புஷ் ஊதிவிடும், கிணற்றடி மண்ணும் கெடும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

காசு கொடுத்து வாங்கிய துன்பம், வண்டிக்குப் போடும் உறை. ஈரத்தோடு மூடினால் உள்ளே புழுக்கம். காற்றில் படபடத்தபோது இடையில் புகுந்த மணல் கூரை ஓரத்தில் பெயிண்டை உப்புத்தாள் போலத் தேய்த்துவிட்டது. இப்போது அது மாமாவின் தோட்டத்தில் விறகு மூடுகிறது.

சாலையில் எனக்கு ஒரே எதிரி மீன் வண்டி. குளச்சல், முட்டம் பக்கமிருந்து ஐஸ் உருகிய உப்புத் தண்ணீரை வடித்துக்கொண்டே போவார்கள். பின்னால் போகும் வண்டியின் அடிவயிறு முழுக்க அதுதான். கடற்கரைச் சாலையில் போய்வந்த அன்று இரவே அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சிவிட்டுத்தான் சோறு.

இன்னொன்று, பெட்ரோல். 20 சதவீத எத்தனால் வந்த பிறகு பழைய ரப்பர்க் குழாய்கள் ஊதிப்போய் கசிந்தன, மாற்றினேன். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்கைக் காலியாக நிறுத்துவதில்லை. 1983 வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2021இல் வந்த பழங்கால வண்டி விதி ஐம்பது வயது நிறைந்தவற்றுக்குத்தான். நிறைந்தாலும் பதிய மாட்டேன். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது, நான் மாதம் இரண்டு முறையாவது நாகர்கோவில் போகிறேன்.

பெயிண்டில் கொப்புளம் தெரிந்தால் பென்சிலால் சுற்றி வட்டம் போட்டுத் தேதி எழுதிவைப்பது என் பழக்கம். ஐந்து ஆண்டில் நான்கு வட்டம். மூன்று அப்படியே நிற்கின்றன. நான்காவது வலது பின் மட்கார்டில், அந்தத் தார்ப் பூச்சு இருக்கும் இடத்துக்கு நேர் வெளியே. போன கார்த்திகையில் மிளகு அளவு. சென்ற ஞாயிறு பார்த்தபோது வட்டத்தைத் தாண்டியிருந்தது. வெளியே இவ்வளவு என்றால் உள்ளே எவ்வளவு என்பது திருப்புளிக்குத்தான் தெரியும். மழைக்கு முன் திறந்துவிட வேண்டும் என்று ஆசானுக்குப் போன் செய்தேன். இரண்டு வாரம் ஆகும் என்றார். எனக்கு முன்னால் பட்டறையில் ஒரு மீன் வண்டி நிற்கிறதாம், தரை முழுக்கப் போய்விட்டதாம்.