கோகேட்டா, என்என்ஏடியா, விஸ்க்கா? ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு எந்தத் தேர்வு?

அமெரிக்கப் பள்ளிகள் பல, கிஃப்டெட் (மீத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான) வகுப்புக்குப் பிள்ளைகளைச் சலித்தெடுக்கக் கோகேட் அல்லது என்என்ஏடி என்ற திறனறித் தேர்வை வகுப்புக்கே மொத்தமாக வைக்கின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளை தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

என்என்ஏடி-3-இல் 30 நிமிடத்தில் 48 கேள்வி; எல்லாமே வடிவப் புதிர்கள். பேச்சு தாமதமான, ஆனால் வடிவங்களைச் சட்டென்று பிடிக்கும் பிள்ளைக்கு இது தோது. ஒரே புதிரில் பிடிவாதமாக உட்கார்ந்துவிடும் பிள்ளைக்கு நேரம் போய்விடும். சொல்வளமே பலம் என்றால் அதைக் காட்ட இதில் இடமே இல்லை.

கோகேட்டில் சொல், எண், வடிவம் என மூன்று பிரிவு. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். அறிக்கையில் '8E' போல ஒரு குறியீடு இருக்கும். அந்த 'E' எழுத்து, பிரிவுகளுக்கிடையே 24 புள்ளியாவது வித்தியாசம் என்று சொல்கிறது. அதைப் பார்த்தால் பிரிவுவாரி மதிப்பெண்ணைக் கேளுங்கள். தனி அறை, சிறு குழு போன்ற சலுகைகளை ஐஇபி-யில் (பள்ளி பிள்ளைக்கென எழுதும் தனிக் கல்வித் திட்டம்) முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும்.

விஸ்க்-5 என்ற குழந்தைகளுக்கான ஐக்யூ தேர்வை உளவியலாளர் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து நடத்துவார். மூன்றில் எங்கள் தேர்வு இதுதான், ஒரு நிபந்தனையோடு: முழு ஐக்யூவை மட்டும் பார்க்கக் கூடாது. முழு ஐக்யூ ஏழு உட்தேர்வுகளில் வருகிறது. அதில் ஒன்று கோடிங். இரண்டு நிமிடம், பென்சிலால் குறிகளை வரைய வேண்டும். ஒவ்வொரு கோட்டையும் அச்சுப் போல வரையும் பிள்ளை பாதிகூட முடிக்காது. சராசரி 10 என்ற அளவில், யோசிக்கும் ஐந்து உட்தேர்வுகளில் 16, 17 எடுத்தவர் எண் நினைவில் 9, கோடிங்கில் 6 எடுத்தால், முழு ஐக்யூ பல இடங்களில் கேட்கும் 130-ஐத் தொடாது. அந்த ஐந்தை மட்டும் கூட்டும் ஜிஏஐ (பொதுத் திறன் குறியீடு) தாராளமாகத் தாண்டும். 'சொல் சாராக் குறியீடு' என்ற பெயரை நம்பி அதைக் கேட்காதீர்கள். அதற்குள்ளும் கோடிங் ஒளிந்திருக்கிறது.

எந்தத் தேர்வு என்பதே மதிப்பெண்ணை மாற்றும். மான்ட்ரியால் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் வெக்ஸ்லர் தேர்வைவிட (விஸ்க் அந்த வரிசையைச் சேர்ந்தது) ராவன் வடிவத் தேர்வில் சராசரியாக 30 பெர்சன்டைல் அதிகம் எடுத்தனர்.

ஜிஏஐ-யை ஏற்பீர்களா என்று பள்ளி மாவட்ட நிர்வாகத்திடம் மின்னஞ்சலில் முதலிலேயே கேளுங்கள். தனியாரிடம் விஸ்க் எடுத்த கையோடு பள்ளியும் அதையே வைத்தால், பழகிய கேள்விகளால் மதிப்பெண் ஊதிவிடும். ஓராண்டாவது இடைவெளி வேண்டும்.